கப்பலுக்கு இரண்டு சாட்சி

கப்பலைத் தாழ்த்திய அன்று எங்கள் வள்ளத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். தூண்டில்காரன். சிப்பி சீசனில் பாறையில் முங்கிச் சிப்பி எடுப்பேன்.

என் மச்சான். என் மனைவிக்கு அண்ணன். கரையில் நின்று இழுக்கிற பெரிய வலையான கரமடி வைத்திருந்தார்.

எங்கள் பங்குச் சாமியார். ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பிறந்தது திற்பரப்புக்கு மேலே, ரப்பர் மரத்துக்கு நடுவில். நீச்சல் தெரியாது.

நேவிக்காரர். அந்தக் கப்பலிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோவாளைப் பக்கம் வயலும் வாழையும் உண்டு. அய்யாவழியைச் சேர்ந்தவர். நெற்றியில் நாமம், தலையில் தலைப்பாகை. கப்பலைத் தாழ்த்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

எஞ்சின் பிடித்தது என் தம்பி. அவன் பேசமாட்டான்.

கரையில் ஊரே நின்றது. என் மனைவியும் நின்றாள். வராதது ஒரே ஆள்தான், மெழுகுதிரி விற்கும் மயினி, அதாவது மதினி. எனக்கு மட்டும் மயினி இல்லை, ஊருக்கே மயினி. மாதா கோயில் முற்றத்தில் மணிக்கோபுரத்தில் முதுகைச் சாய்த்து எப்போதும்போல் இருந்தாள். கப்பல் தாழ்வதைப் பார்க்க வரவில்லையா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். அந்நேரம் பார்த்து யாராவது திரி கேட்டு வந்தால் என்ன செய்ய என்றாளாம்.

சுனாமி கழிந்து மூன்றாம் வருஷம் அது. கரைக்குப் பக்கத்தில் இருந்த பாருகளை, அதாவது மீன் அடையும் கடலடிப் பாறைகளை, மண் மூடிவிட்டது. தூண்டிலுக்கு மீன் இல்லை. அப்போதுதான் மேற்கே இருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். நேவி கழித்துப்போட்ட சின்னக் கப்பல் ஒன்றை வாங்கியிருந்தார். அதைக் கடலில் தாழ்த்தினால் வெள்ளைக்கார சாயிப்புகள் முங்கிப் பார்க்க வருவார்கள், மீனும் அடையும் என்றார். தூண்டில்காரர் எல்லோருக்கும் சம்மதம். கடலுக்குள் ஒரு பாரு புதிதாகக் கிடைத்த மாதிரி.

கரமடிக்காரருக்கு அப்படி இல்லை. கரமடியின் கயிற்று முனையைக் கரையில் பிடித்துக்கொள்ள, வள்ளம் கடலைச் சுற்றி மடியை இறக்கி மறுமுனையோடு கரைக்கு வரும். பிறகு இரண்டு கயிற்றிலும் ஆள் நின்று இழுக்க வேண்டும். அதற்கு அடியில் வெறும் மணல் வேண்டும். ஒரு கல் கிடந்தால் போதும், மடி போச்சு. சுனாமியில் மச்சானின் பழைய மடி போயிற்று. இழுக்கிறவர்களில் மூன்று பேரும் போனார்கள். புது மடி வைத்து இழுப்பை மறுபடியும் நிலைநிறுத்த அவர் பட்டபாடு எனக்குத் தெரியும். அந்த மடியை நம்பி நாற்பது வீட்டுக்கு மேல் இருந்தது.

ஊர்க்கூட்டத்தில் மச்சான் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எனக்க மடி போற எடத்துக்கு இது வராதுண்ணு நிச்சயமாட்டு சொல்லுதியா மாப்ள?"

"வராது" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. சம்மதம் என்று கையைத் தூக்கினார்.

கப்பலை இழுவைப்படகு குளச்சலில் இருந்து இழுத்து வந்தது. சாம்பல் நிறம். நம்பரை அழித்திருந்தார்கள். உள்ளே முங்குகிற ஆள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கதவுகளை எல்லாம் கழற்றி, பக்கத்தில் வாசல் வாசலாக அறுத்திருந்தார்கள். எண்ணெய் ஒரு துளி இல்லாமல் துடைத்திருந்தார்கள். நேவிக்காரர் முந்தின நாளே போய் ஏறிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் அதில் சமையல்காரர். அடுக்களை இருந்த இடத்தில் வானம் தெரிகிறது என்றார். பல வருஷம் கப்பலில் இருந்த மனிதர் எங்கள் வள்ளத்தில் ஏறி, அலை தாண்டியதும் வாந்தி எடுத்தார். மச்சான் தண்ணீர் மோந்து கொடுத்தார்.

"கப்பல்ல என்னவே செய்தீரு இத்தன வருசம்?"

"கப்பலு ஆடும்வே. இது துள்ளுது" என்றார் நேவிக்காரர்.

சாமியார் புத்தகத்தைத் திறந்தார். எங்கள் ஊரில் வள்ளமோ வலையோ புதிதாக வந்தால் மந்திரிக்காமல் கடலில் இறக்குவதில்லை. கப்பலையும் மந்திரிக்க வேண்டும் என்று ஊர்க் கமிட்டி கேட்டிருந்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார். பிறகு விரலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"வள்ளம் மந்திரிக்கிற செபத்துல தாழ்ந்து போகாம காக்கணும்னு வருது. நாம தாழ்த்தத்தான வந்திருக்கோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் யோசித்தோம்.

"அப்பம் செத்தவங்களுக்கு உள்ளத வாசியுங்க சாமி" என்றார் நேவிக்காரர். "அவளுக்கு அதுதான் சரி." கப்பலை அவர் அவள் என்றுதான் சொல்வார்.

"கல்லறைக்கு உள்ளத வாசிச்சா மீன் வருமா?" என்றார் மச்சான்.

சாமியார் புத்தகத்தை மூடினார். தண்ணீர் தெளித்தார். அங்கே உயிர் உண்டாகட்டும் என்று சொந்தமாகச் சொன்னார். நாங்கள் ஆமென் என்றோம். நேவிக்காரரும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார்.

கப்பலுக்குள் தண்ணீர் ஏற அடி வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். உடனே தாழ்ந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. தண்ணீர் ஏற ஏற நீவாடு, அதாவது கடலுக்குள் ஓடும் ஒழுக்கு, அதைக் கிழக்கே கொண்டுபோயிற்று. நாங்கள் பின்னாலேயே போனோம். பின்பக்கம் முதலில் இறங்கியது. மூக்கு நிமிர்ந்தது. உள்ளே இருந்த காற்று வெளியே வந்த சத்தம் மாடு மூச்சு விடுவதுபோல் இருந்தது. பிறகு கடல் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து தண்ணீர் மோக்கிற ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கு மேலே வந்தது. நேவிக்காரர் அதை எடுக்கச் சொன்னார். தம்பி வள்ளத்தைத் திருப்பினான். கரை சேரும்வரை அதை அவர் மடியில் வைத்திருந்தார்.

இழுவைப்படகுக்காரர் ஜிபிஎஸ் நம்பர் தந்தார். உள்ளதைச் சொல்லியே தந்தார். திறந்துவிட்ட இடத்தின் நம்பர்தான் இது, தாழ்ந்தது தள்ளிப்போய், நீங்கள் உங்கள் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் அதற்கு முன்னேயே பிடித்திருந்தோம்.

கடலில் ஓர் இடத்தை மறுபடியும் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு சாட்சி வேண்டும். ஒரு சாட்சிக்கு இரண்டு பொருள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டும் ஒரே கோட்டில் வரும்போது நாமும் அந்தக் கோட்டில் இருக்கிறோம். இதேபோல் வேறு திசையில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் இடம். இதைக் கணிச்சம் என்போம். சொந்தப் பாருடைய கணிச்சத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கூடப்பிறந்தவனிடமும் சொல்வதில்லை. கப்பல் ஊருக்குப் பொது என்பதால் கணிச்சமும் பொது. கிழக்கே, முட்டத்து விளக்கு பாறைமுனையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வடக்கே, கோயில் மணிக்கோபுரம் வேளிமலையின் மேற்குத் தோளுக்கு நேர்கீழே வர வேண்டும். சாமியாருக்கும் காட்டிக் கொடுத்தோம். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கமிட்டி ஒரு கட்டுப்பாடு போட்டது. இரண்டு வருஷம் கப்பலில் யாரும் தூண்டில் போடக்கூடாது. அந்தப் பக்கம் போகவும் கூடாது. குஞ்சு பெருகட்டும். கோயிலில் வைத்துச் சொன்னதால் யாரும் மீறவில்லை. எங்கள் ஊரில் அது பெரிய காரியம்.

சாயிப்புகள் ஒரு சீசன் வந்தார்கள். இரண்டு பேர். கம்பெனிக்காரர் கப்பலுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் பெரிய மிதவை ஒன்று கட்டியிருந்தார். அதைப் பிடித்து இறங்கினார்கள். எங்கள் கடல் கலங்கல். மேலே வந்து, தங்கள் கையே தங்களுக்குத் தெரியவில்லை என்றார்களாம். சாயா குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. கம்பெனிக்காரரும் வரவில்லை. அடுத்த ஆடிக் கடலில் மிதவை அறுந்து போயிற்று. மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையேறியதாகவும் ஒருவர் அதைப் பாதியாக அறுத்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறார் என்றும் கேட்டேன். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியுமே.

அந்த வருஷம்தான் கோயிலை இடித்துக் கட்டினோம்.

கல்ஃபில் இருந்த பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். பழைய கோயில் சின்னது. புதியதை மேற்கே தள்ளி, ரோட்டுக்குப் பார்வையாகக் கட்ட முடிவாயிற்று. மணியை இறக்கிய அன்று சாமியார் பூசை வைத்தார். பிறகு எல்லோருமாகக் கோபுரத்தில் ஏறினோம். நானும் ஏறினேன். மச்சானும் ஏறினார். கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். மரச்சீனிக் கிழங்கும் இறைச்சியும் அண்டா அண்டாவாக வெந்தது. இவ்வளவு சந்தோஷமாக ஊர் கூடி வேலை செய்து நான் பார்த்ததில்லை. கோபுரத்துக் கல்லை ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டில் துணி துவைக்கிற கல் அதுதான்.

மறுநாள் கடலுக்குப் போன எல்லோரும் கோபுரம் இல்லாத கரையைப் பார்த்தோம். மற்ற பாருகளுக்கு வாரம் தவறாமல் போகிறோம். ஒரு சாட்சி போனால் கண் தானாகவே இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தென்னை, ஒரு மாடி வீடு, செல்போன் டவர். அப்படித்தான் பிடித்தோம். கப்பலுக்கு மட்டும் யாரும் போகவில்லை. போகமாட்டோம் என்று கோயிலில் வைத்துச் சொல்லியிருந்தோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். கோபுரத்தோடு கப்பலின் சாட்சியும் போயிற்று என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷக் கெடு முடிந்த கையோடு, யாரும் கப்பலுக்குப் போகும் முன்னே, புரட்டாசியில் மச்சானின் மடி மாட்டியது.

நான் அன்று கரையில் இருந்தேன். இரண்டு கயிற்றிலும் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் நின்றார்கள். குதிகால் மணலில் புதைந்தது. கயிறு வரவில்லை. மச்சான் விடச் சொன்னார், பிறகு மெல்ல இழுக்கச் சொன்னார். ஒரு பக்கம் லேசாயிற்று. கிழிந்தது என்று அப்போதே தெரிந்தது. பாதி வலைதான் வந்தது. மீன் வரவில்லை.

நான் வள்ளத்தில் போய் முங்கினேன். தண்ணீர் சேறாக இருந்தது. கையால்தான் பார்க்க வேண்டும். வலைத்துண்டு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் இரும்பு. சங்கிலி. என் மணிக்கட்டுப் பருமன். ஒரு நுனி வலையைப் பிடித்திருந்தது, மற்றது மண்ணுக்குள் போயிற்று. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மூச்சு முடிந்தது.

மேலே வந்து, "சங்கிலி" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தார்.

"கப்பல் வந்திட்டு" என்றார்.

கிழிந்த மடியைச் சுமந்துகொண்டு போய் ஓலைப்புரையில் கட்டித் தொங்கவிட்டார். அதைத் தைக்க ஆள் கூப்பிடவில்லை. கப்பல் அடியில் கிடக்கிற கடலில் எந்த மடியும் போகாது. வெறும் கப்பல், கனம் குறைவு, இரண்டு ஆடிக் கடல் உருட்டிக் கொண்டுவந்துவிட்டது என்று ஊர் பேசியது. நானும் அப்படி இருக்குமோ என்று நினைத்தேன். இழுப்புக்காரர்களில் வாலிபர்கள் கேரளாவுக்குக் கான்கிரீட் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வயதானவர்களும் பெண்களும் கரையில் சும்மா இருந்தார்கள். அவர்கள் இருந்த வழியாகத்தான் நான் கடலுக்குப் போக வேண்டும்.

மச்சான் என் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவி அவர் வீட்டுக்குப் போனாள், வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நேவிக்காரருக்குப் போன் செய்தேன். ஒரு வாழைக்குலையோடு வந்தார். நேராக மச்சானிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அவளுக்கு ஏதுவே சங்கிலி?" என்றார் நேவிக்காரர். "நங்கூரம், சங்கிலி எல்லாம் முன்னமே அறுத்து பழைய இரும்பாட்டு ஆக்கர் கடைக்குப் போயாச்சு. எனக்க அடுக்களைல ஒரு கரண்டி மாட்டுத கொக்கிகூட பாக்கி விடல்ல."

"எல்லாத்தையும் நீரு பாத்தீரா?"

"ஏறி நடந்து பாத்தேன்."

"ஒரு பிளாஸ்டிக் மக்க விட்டுட்டாவல்லா. சங்கிலியையும் விட்டிருப்பாவ."

மச்சான் என் பக்கம் திரும்பினார். அந்த மாதத்தில் என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.

"தாழ்த்துன எடத்துல கப்பல் கெடக்குண்ணு எனக்குக் காட்டு. நான் மடிய தைக்கியேன். காட்டலேண்ணா விடு."

நியாயம்தான். கப்பல் அதன் இடத்தில் இருந்தால் சங்கிலி வேறு எதனுடையதோ. அதை எடுத்து மாற்றிவிடலாம். கப்பலை எடுத்து மாற்ற முடியாது.

தேடப் போனோம். முட்டத்து விளக்கு பாறைமுனையைத் தொட்டு நின்றது. ஒரு கோடு சரி. அந்தக் கோட்டின்மேல் எங்கே என்பதற்குக் கோபுரம் வேண்டும். கோபுரம் இல்லை. புதுக் கோபுரம் பாதி எழும்பி நின்றது, பணம் வரக் காத்து, சாரத்தோடு. அது பழையதற்கு மேற்கே. எவ்வளவு மேற்கே என்றால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கொத்தனார் ஒரு கணக்கு, கோயில்பிள்ளை ஒரு கணக்கு. பழைய அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்து மண் நிரப்பி முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டாயிற்று. கல்யாண போட்டோ இல்லாத வீடு கிடையாது. அதில் கோபுரம் உண்டு, இடம் இல்லை. கரையில் கொஞ்சம் பிசகினால் கடலில் நிறையப் பிசகும்.

அடியைத் தட்டிப்பார்க்கிற மெஷின் அப்போது எங்கள் கரையில் யாரிடமும் இல்லை. கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக்கரண்டியை நீளக் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தேன். மண் வந்தது. மறுநாளும் மண்தான். ஒரு இடத்தில் மாட்டியது, சந்தோஷப்பட்டேன், பழைய பாரு. கடலில் உள்ளது நகரும், கரையில் உள்ளது நகராது, அதனால்தான் கணிச்சம் என்று ஒன்று இருக்கிறது. கோபுரத்தை நகர்த்தலாம் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நகர்த்தும்போதும் நினைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் என் மனைவி, மாதாவுக்கு ஒரு திரி கொளுத்திவிட்டு வரச் சொன்னாள். அவளுக்கு அண்ணனும் வேண்டும், நானும் வேண்டும். போனேன்.

மயினி டைல்ஸ் முற்றத்துக்கு நடுவில் இருந்தாள். கோயில் மாறியதும் எல்லோரும் மாறினார்கள். கடலைக்காரர் புது வாசலுக்குப் போனார். செருப்பு போடும் இடம் மாறியது. மயினி மட்டும் எழும்பவில்லை. கான்ட்ராக்டர் சத்தம் போட்டுப் பார்த்தார். கடைசியில் அவளைச் சுற்றி டைல்ஸ் போட்டார்கள். அவள் இருந்த துண்டு மட்டும் பழைய சுண்ணாம்புத் தரையாக இருந்தது. வெயிலுக்கு ஒரு குடையைக் கம்பில் கட்டியிருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

ஒரு திரி கேட்டேன். அவள் பெட்டியில் தேடிக்கொண்டே சொன்னாள்.

"முன்ன இந்நேரத்துக்கு எனக்க முதுகுல கல்லு குளுந்து கெடக்கும். இப்பம் பாரு, வெறும் காத்து."

நான் அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெட்டவெளி.

"மயினி, நீ நகரவே இல்லியா?"

"எதுக்கு நகரணும்? ஆளுவளுக்கு எனக்க எடம் தெரியும்."

திரியைக் கொளுத்தினேனா என்று இப்போது நினைவில்லை.

மறுநாள் சாரத்தில் இருந்து மூங்கில் அவிழ்த்தோம். சாமியார் சம்மதித்தார். ஒன்றோடு ஒன்று ஏற்றிக்கட்டித் தென்னைக்கு மேலே தெரிகிற உயரத்துக்கு ஒரு கம்பம் செய்தோம். நுனியில் வள்ளத்தின் பழைய வெள்ளைப் பாயைக் கட்டினோம். அடியை மயினியின் முதுகுக்கு நேர்பின்னால் நிறுத்த வேண்டும். கொஞ்சம் எழும்பச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள். எழும்பினால் இடம் போய்விடும் என்றாள். அது சரிதான் என்று பட்டது. அவளை வைத்தே நிறுத்தினோம். நாலு பக்கமும் கயிறு கட்டி ஆள் பிடித்தது. நேவிக்காரர் இனி வள்ளத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். மயினி முதுகைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சாய ஒண்ணு கெடச்சு" என்றாள்.

"பெலமா சாயாதீங்க அம்மா, கப்பலு தள்ளிப்போவும்" என்றார் நேவிக்காரர்.

"எனக்கு நேரே இருக்கத் தெரியும். நீரு ஆடாம நில்லும்."

வள்ளத்தில் தம்பி, நான், மச்சான். மச்சானை நான் கூப்பிடவில்லை, அவராக வந்து ஏறினார். கையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் சோப்பு வைத்து இறக்கினால் அடியில் என்ன இருக்கிறதோ அது ஒட்டிக்கொண்டு வரும். அவர் மயினியிடம் வாங்கிய திரியை வெயிலில் இளக்கி அந்தக் குழியில் அப்பி வைத்திருந்தார்.

விளக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போனோம். கரையைப் பார்த்தால் கம்பம் தெரியவில்லை. வெள்ளைப் பாய், பின்னால் வெள்ளைக் கோயில். நேவிக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தென்னைக்கு மேலே சிவப்பாக ஏதோ ஏறியது. சாமியார் சப்பரத்துக்குப் பிடிக்கிற முத்துக்குடைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூன்று சிவப்புக் குடை, ஒன்றின் கீழ் ஒன்று. திருவிழா இல்லாத நாளில் அது அங்கே நின்றது.

நான் கையைக் காட்டக் காட்டத் தம்பி ஓட்டினான். சிவப்பு மெல்ல நகர்ந்து வேளிமலையின் தோளுக்குக் கீழே வந்தது. முட்டத்து விளக்கு பாறைமுனையைத் தொட்டது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

மச்சான் குண்டை இறக்கினார். கயிறு ஓடிப்போய் நின்றது. கை விரித்த அளவு ஒரு பாகம், அப்படிப் பாகம் எண்ணினார். அந்தப் பக்கத்துக் கடலுக்கு உள்ள ஆழம்தான். இழுத்துப் பார்த்தார். திரியில் மணல்.

வள்ளம் நீவாட்டில் கொஞ்சம் ஒழுகியது. மறுபடி இறக்கினார். மணல். திரியைத் துடைத்துத் திரும்ப அப்பினார். கரையில் குடைகள் காற்றில் ஆடின. நேராக்கச் சொல்லிப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். மூன்றாவது தடவை இறக்கினார்.

கயிறு அடி வரை போகாமல் முன்னமே தளர்ந்தது.

அவர் கொஞ்சம் தூக்கினார், விட்டார். மறுபடி தூக்கி விட்டார். அந்தக் கயிற்றில் என்ன தெரிந்ததோ அது அவர் முகத்தில் தெரிந்தது. மணலில் குண்டு விழுந்தால் அமுங்கும். இது தட்டியது. சுற்றிலும் உள்ளதைவிட மூன்று பாகம் குறைவு. இழுத்து எடுத்துத் திரியைப் பார்த்தார். துருவும் ஒரு பொடிச் சிப்பியும் ஒட்டியிருந்தன. மோந்து பார்த்தார். பிறகு என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நான் தூண்டிலைப் போட்டேன். நேரம் ஆகவில்லை. களவா. பாறையில் அடைகிற மீன் அது, மணல் தரையில் இருக்காது.

"கெடந்த எடத்துலதான் கெடக்கு" என்றார் மச்சான்.

கரைக்கு வந்தோம். களவாவை மயினிக்குக் கொடுத்தேன். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போய்க் கறி வைப்பேன் என்றாள். நேவிக்காரர் பார்த்துக்கொண்டார். இரண்டு திரி விற்றார்.

சங்கிலி எதனுடையது என்று அவர்தான் அப்போது சொன்னார். மிதவையைக் கப்பலில் கட்டாமல், கீழே ஒரு கான்கிரீட் கட்டி போட்டு அதில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். கட்டி சிறியது, மிதவை பெரியது. ஆடிக் கடல் மிதவையை இழுத்தபோது கட்டியும் கூடவே கரைப்பக்கம் வந்திருக்கும். வந்த பிறகுதான் சங்கிலி அறுந்திருக்கும். ஒரு வருஷம் மண் மூடிக் கிடந்த சங்கிலியை இந்த ஆடிக் கடல்தான் வெளியே எடுத்திருக்கும். எங்களுக்கு இடத்தைக் காட்டப் போட்டதுதான் இடம் மாறி வந்து மடியைக் கிழித்தது. நான் மறுபடி முங்கினேன். இந்த முறை தண்ணீர் தெளிந்திருந்தது. சங்கிலியைப் பிடித்துப் போய் மண்ணைத் தோண்டினேன். சதுரமாக, மூலை கையில் பட்டது. கயிறு கட்டிக் கொடுத்தேன். கரையில் கிடைத்தவர்கள் எல்லோரும் பிடித்து இழுத்தார்கள். அது இப்போதும் கரையில்தான் கிடக்கிறது. அதன்மேல் வலை காயப்போடுகிறார்கள்.

மச்சான் மடியைத் தைத்தார். ஒரு வாரம் ஆயிற்று. கேரளாவுக்குப் போனவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. வராதவர்களுக்குப் பதில் பெண்கள் நின்றார்கள்.

மடி இறக்கிய அன்று காலையில் நான் கடலுக்குப் போகவில்லை. கரையில் நின்றேன். வள்ளம் சுற்றி வந்து மறுமுனைக் கயிற்றைக் கரையில் போட்டது. ஆட்கள் இரண்டு கயிற்றிலும் பிடித்தார்கள். இழுக்கச் சொல்வதற்கு முன்னால் மச்சான் தலை எண்ணுவார். இரண்டு கயிறும் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மடி ஒருபக்கம் சாயும். கிழக்குக் கயிற்றை எண்ணிக்கொண்டு போனார். மேற்குக் கயிற்றை எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்று குறைந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. காத்து நின்றார்.

நான் தூண்டில்காரன். கரமடிக் கயிற்றைப் பிடித்ததில்லை. தோளில் கிடந்த தொவர்த்துத் துண்டை இடுப்பில் கட்டினேன். மேற்குக் கயிற்றில் கடைசியாகப் போய்ப் பிடித்தேன். கயிறு ஈரமாக இருந்தது.

மச்சான் திரும்ப முதலில் இருந்து எண்ணினார்.

நாற்பத்திரண்டு.